பியானோ நின்ற பிறகும் பாட்டு கேட்கிறது

கேள்வி: எனக்கு வயது 67. விடியற்காலையில் பியானோவில் மட்டும் வாசித்த கிறிஸ்தவப் பாடல்களை இயர்போனில் கேட்டபடி அரைமணி நேரம் மௌனமாக ஜெபத்தில் இருப்பேன். இரண்டு மாதமாக, இசையை நிறுத்திய பிறகும் அதே பாட்டு காதில் ஓடுகிறது. மனநோயின் ஆரம்பம் என்று இணையத்தில் படித்துப் பயந்து, கேட்பதையே விட்டுவிட்டேன். இப்போது இன்னும் அதிகமாக ஓடுகிறது. தங்கையின் தூக்க மாத்திரையை நான்கு நாளாகப் போடுகிறேன். எனக்குப் பியானோ தெளிவாகவே கேட்கும்; மற்றவர்கள் பேசுவதுதான் முணுமுணுப்பாக இருக்கிறது. மெதுவான இசையால் ரத்த அழுத்தம் இறங்கிவிடுமா? இயர்போன் மூளையைக் கெடுக்குமா? ஐந்து நாளாக இடது காது அடைத்திருப்பதால் ஃபோனை வலது காதில் வைத்துப் பேசுகிறேன்.

பதில்: அம்மா, நீங்கள் சொல்வது மனநோய் போலத் தெரியவில்லை. அந்தப் பாட்டு வெளியிலிருந்து வரவில்லை என்று உங்களுக்கே தெரிகிறது. யாரோ பேசுவதாகவோ, எதையாவது செய்யச் சொல்வதாகவோ நீங்கள் எழுதவில்லை.

என்னைப் பதறவைத்தது கடைசி வரி. பதில் வெளியாகும்வரை காத்திருக்காமல் உங்களுக்கு உடனே தகவல் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு காது மட்டும் மந்தமானால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். அழுக்கு அடைப்பாக இருந்தால் நல்லது, சுத்தம் செய்து அனுப்பிவிடுவார். உள்காது நரம்பு பாதிப்பாக இருந்தாலும் முதலில் அடைப்பு போலத்தான் தோன்றும். டியூனிங் ஃபோர்க் என்ற இசைக்கவையைத் தட்டிப் பார்த்தே ஓரளவு பிரித்துச் சொல்லிவிடலாம், ஆடியோகிராம் என்ற செவித்திறன் பரிசோதனை அதை உறுதிசெய்யும். நரம்பு என்றால் ஸ்டீராய்டை முதல் 2 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். நாள் போகப் போகக் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு குறையும். சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். தயவுசெய்து நீங்களாகக் காதில் எண்ணெயோ சொட்டு மருந்தோ விட வேண்டாம்.

இனி அந்தப் பாட்டு. பியானோ தெளிவாகக் கேட்பதால் காது நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிட்டீர்கள். ஒலி எவ்வளவு கீச்சென்று இருக்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அளவில் சொல்வோம்; பியானோவின் வலதுகோடிக் கட்டையே 4186 ஹெர்ட்ஸ்தான். ஞானப்பாட்டு வாசிக்கும் கை பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே நிற்கும். வயதானால் முதலில் மங்குவது கீச்சென்ற உயர் ஒலிகள். பேச்சைத் தெளிவாக்கும் ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகள் அங்கேதான் இருக்கின்றன. அதனால்தான் பாட்டு புரிகிறது, பேச்சு முணுமுணுப்பாகிறது. காதிலிருந்து வரும் ஒலி குறையும்போது, மூளை தனக்கு நன்றாகப் பழகியதை எடுத்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது. காது மந்தமான முதியவர்களிடம் இது நாங்கள் பார்க்கிற விஷயம்தான். பக்திப் பாடல்கள் அதில் அடிக்கடி வரும். சுற்றிலும் நிசப்தமானால் இன்னும் கூடும். இசையை நிறுத்தியதும் உங்களுக்கு அதிகமானது அதனால்தான். காது கேட்கும் கருவி பொருத்திய பிறகு பலருக்கு இது குறைந்துவிடுகிறது.

ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்காது. இயர்போன் மூளையை ஒன்றும் செய்யாது. சத்தம் கூடினால் காதைத்தான் கெடுக்கும். தங்கையின் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்ததை எப்படி அம்மா விழுங்குகிறீர்கள்? இந்த வயதில் அதன் மயக்கத்தோடு இருட்டில் எழுந்து நடந்தால் இடுப்பெலும்பு முறியலாம். நான்கே நாள் என்பதால் இப்போது சட்டென விடலாம். வாரக்கணக்கில் போட்டிருந்தால் அப்படி விடவும் முடியாது.

ஜெப வேளைக்குப் பியானோவை மறுபடி போடுங்கள். இயர்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் மெதுவாக ஓடட்டும். முடிந்ததும் அறையை நிசப்தமாக்காமல் மின்விசிறிச் சத்தமாவது இருக்கட்டும்.