குளம் யாருடைய பெயரில் இருக்கிறது?

பிரதேச செயலகமொன்றின் காணிக் கிளையில் நெடுங்காலம் கோவை தூக்கியவன் நான். இப்போது ஓய்வு. யாழ்ப்பாணத்தார் கேட்டவற்றுக்குத் தெரிந்த மட்டில் பதில் தருகிறேன்.

கோண்டாவிலிலிருந்து: ஐயா, எங்கள் ஊர்க்குளத்தின் ஓரத்தை ஒருவர் கட்டட இடிபாடு கொட்டி நிரப்புகிறார். பிரதேச சபை கமநல சேவை நிலையத்துக்குப் போகச் சொல்கிறது. அங்கே போனால் டி.எஸ். (பிரதேச செயலாளர்) கந்தோரைக் கைகாட்டுகிறார்கள். யாரிடம்தான் சொல்வது?

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை, அதுதான் தொல்லை. வயலுக்குப் பாயும் சிறுகுளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. ஊர் நடுவில் மழைவெள்ளம் வடியும் குளத்தைப் பெரும்பாலும் சபை பார்க்கும். கோயில் கேணி கோயிலுக்கு. அடிநிலம் அரச காணியென்றால் டி.எஸ். ஆகவே ‘குளத்தைக் காப்பாற்றுங்கள்’ என்று எழுதாதீர்கள். அப்படியான கடிதம் மேசை மேசையாக நடந்தே களைத்துப்போகும். ‘இது எந்தத் திணைக்களத்தின் பதிவேட்டில் உள்ளது? அளவைப் படத்தில் எத்தனை பரப்பு?’ என்று கேளுங்கள்.

ஒருமுறை நில அளவையாளரோடு எல்லைக்கல் தேடிப் போனேன். படத்தில் குளக்கரையில் இருந்த கல்லை வெயிலில் இரண்டு மணித்தியாலம் தேடினோம். கடைசியில் ஒரு வீட்டுக் கோழிக்கூட்டின் கீழே கிடந்தது. வீட்டுக்காரர் அதில் தண்ணீர்ச் சட்டி வைத்திருந்தார், பாவம், அவருக்கே தெரியாது. குளம் ஒரே நாளில் மறையாது, வேலி வேலியாகத்தான் தேயும்.

தென்மராட்சியிலிருந்து: பக்கத்து வயலை மூடி வீடு கட்டப் போகிறார்களாம்.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியில்லாமல் நெற்காணியை நிரப்ப முடியாது. முதல் லோட் மண் இறங்கு முன்பே கமநல சேவை நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். நிரப்பிய வயலைத் திரும்ப வயலாக்கியதை என் சேவைக் காலத்தில் நான் காணவில்லை.

மல்லாகத்திலிருந்து: அண்ணை, வாகனம் கழுவும் இடத்துக் கழிவெண்ணெய் நிலத்தில் ஊறுகிறது. பெரிய விஷயமா?

நம் அடிநிலம் சுண்ணாம்புக்கல். அவர் ஊற்றுவது உங்கள் கிணற்றில் ஊறும். சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின்நிலைய நிறுவனத்தை 2 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சிறு தொழில்களுக்குச் சபையே வழங்கும், மற்றவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபை.

வடமராட்சி கிழக்கிலிருந்து: யுத்தத்துக்கு முன் சுண்டிக்குளத்தில் நாங்கள் இருந்த காணியில் இப்போது வனசீவராசிகள் திணைக்களக் கல் நிற்கிறது.

சுண்டிக்குளம் 1938இலிருந்து சரணாலயம், 2015இல் தேசியப் பூங்கா. உறுதி, பழைய அனுமதிப்பத்திரம், வாக்காளர் இடாப்புப் பிரதி எல்லாவற்றையும் சேர்த்து டி.எஸ்ஸிடம் கொடுங்கள். விதானையாரின் (கிராம அலுவலரின்) உறுதிப்படுத்தலும் வேண்டும். பறவைக்கும் காட்டுக்கும் பாதுகாப்பு தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கந்தோரில் இருந்து கோடு கீறிவிட்டு, பிறகு கல் நாட்டப் போவது தலைகீழ் வேலை. வனம், வனசீவராசிகள், கரையோரம், கமநலம் என்று ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு படம் இருக்கிறது. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) அவையெல்லாம் ஒரே மேசையில் விரிக்கப்பட்டால் பாதி வழக்கு வராது.

நல்லூரிலிருந்து: கடிதம் போட்டால் பதிலே வருவதில்லையே?

சாதாரணக் கடிதத்துக்கு வராது. 2016இன் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் சொல்லியாக வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஒரு விண்ணப்பத்தில் ஒரு குளம் மட்டும். ஐந்து குளத்தைச் சேர்த்துக் கேட்டால் ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்றுதான் பதில் வரும். கொடுத்ததற்கான பற்றுச்சீட்டை அங்கேயே நின்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.