தராசில் வைத்துப் பார்த்தீர்களா? சிறிய ஆர்.சி. (ரிமோட்டில் பறக்கும்) விமானங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 3 மி.மீ. ஃபோம் ஷீட்டில் 60 செ.மீ. இறக்கை, 17 செ.மீ. அகலம் வைத்து ஒரு விமானம் செய்தேன். கடையில் ‘பிளேன் செட்’ என்று கொடுத்த ஏ2212 மோட்டார், 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு), 3எஸ் 2200 பேட்டரி (மூன்று செல், 2200 எம்.ஏ.எச்.), நான்கு எஸ்ஜி90 சர்வோ (இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் குட்டி மோட்டார்) எல்லாம் போட்டிருக்கிறேன். முழு வேகத்தில் போகிறது. த்ராட்டிலைக் கொஞ்சம் குறைத்தாலும் மூக்கு குத்தி விழுகிறது. இன்னும் பெரிய மோட்டார் போடலாமா?
(கல்லூரி மாணவர், ஈரோடு)

பதில்: வேண்டாம் தம்பி, இருப்பதே பெரிது. அந்த செட் ஒரு மீட்டர் இறக்கைக்கும் அதற்கு மேலும் உள்ள பயிற்சி விமானங்களுக்கு உரியது. கடைகளில் அதுதான் எப்போதும் கையிருப்பில் இருக்கும். அதனால் யார் போய் ‘பிளேன் மோட்டார்’ என்று கேட்டாலும் அதையே எடுத்து நீட்டுகிறார்கள்.

கூட்டிப் பாருங்கள். மோட்டார் சுமார் 50 கிராம், பேட்டரி 180, ஈ.எஸ்.சி. 25, சர்வோ நான்கும் 36, கேஸோடு உள்ள ரிசீவர் (டிரான்ஸ்மிட்டரின் சிக்னலை வாங்கும் போர்டு) 15, பத்து அங்குல ப்ராப் (சுழலும் காற்றாடி) 10 கிராமுக்கு மேல். ஃபோம் உடம்பு 60 கிராம் என்று வைத்தால்கூட, கம்பியும் பசையும் சேர்ந்து 400ஐத் தொடும். உங்கள் இறக்கையின் பரப்பு ஏறக்குறைய 10 சதுர டெசிமீட்டர். அதாவது ஒரு சதுர டெசிமீட்டருக்கு 40 கிராம் சுமை. தட்டையான ஃபோம் இறக்கைக்கு இந்தச் சுமையில் மணிக்கு 30 கி.மீ. வேகமாவது இருந்தால்தான் காற்றில் நிற்கும். நீங்கள் த்ராட்டிலைக் குறைக்கும்போது அதற்குக் கீழே போய்விடுகிறது, விழுகிறது. கோளாறு உங்கள் கையில் இல்லை.

இப்போது வேறு சாமான் போட்டுப் பார்ப்போம். 1806 அளவு, 2300 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2300 சுற்று) மோட்டார் 18 கிராம். 10 ஆம்பியர் ஈ.எஸ்.சி. 10 கிராம். 2எஸ் 450 பேட்டரி 30 கிராம். நான்கு, ஐந்து கிராம் வகையில் மூன்று சர்வோ, ஆக 13 கிராம். சின்ன ரிசீவர் 6, ஆறு அங்குல ப்ராப் 3. மொத்தம் 80. உடம்போடு 140, கம்பி, கீல் எல்லாம் சேர்த்து 150க்குள் முடிந்துவிடும். இதே இறக்கை இப்போது மணிக்கு 19 கி.மீ. வேகத்திலேயே மிதக்கும். அந்தச் சின்ன மோட்டாரே விமானத்தின் எடை அளவுக்கு இழுத்துவிடும். வேறென்ன வேண்டும்?

எல்லாரும் மோட்டாரில் ஆரம்பிக்கிறார்கள். நான் இறக்கையில் ஆரம்பிக்கச் சொல்வேன். இறக்கை எவ்வளவு தாங்கும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதிலிருந்து உடம்பின் எடையைக் கழித்தால் மிச்சம்தான் எலெக்ட்ரானிக்ஸுக்கு. ஒரு சாமான் கனமானால் அது மட்டும் ஏறுவதில்லை. அதை இழுக்கப் பெரிய மோட்டார், மோட்டாருக்குப் பெரிய ஈ.எஸ்.சி., இரண்டுக்கும் தீனி போடப் பெரிய பேட்டரி என்று வரிசையாக ஏறும். இறக்கும்போதும் அதே வரிசைதான்.

தராசு வாங்கிவிட்டீர்களா? 0.1 கிராம் காட்டும் சின்ன நகைத் தராசு போதும். பெட்டியில் 9 கிராம் என்று போட்டிருக்கும் சர்வோ, ஹார்னும் (அதன் குட்டிக் கை) திருகும் கம்பியும் சேர்த்து வைத்தால் பத்தைத் தாண்டலாம். அந்தக் கம்பி பெரும்பாலும் 25 செ.மீ. நீளம் இருக்கும். உங்கள் விமானத்துக்கு 10 செ.மீ. போதும். வெட்டி, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போடுங்கள். ஒரு சர்வோவுக்கு அரை கிராமுக்கு மேல் மிச்சமாகும். மெட்டல் கியர் சர்வோவைச் சிறிய விமானத்தில் போடவே வேண்டாம். எம்ஜி90எஸ் 13 கிராமுக்கு மேல் இருக்கும், அந்த வலு இங்கே தேவையே இல்லை.

வாலை மட்டும் தனியாகக் கவனியுங்கள். சர்வோவின் அசைவை வாலுக்குக் கொண்டுபோகும் புஷ்ராடுக்கு சைக்கிள் ஸ்போக் போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. 2 மி.மீ. ஸ்போக், 30 செ.மீ. நீளம் என்றால் 7 கிராம். அதே நீளத்தில் 1 மி.மீ. கார்பன் கம்பி அரை கிராம்கூட வராது. நடுவில் ஓரிரு இடத்தில் சின்ன குழாய்த்துண்டு ஒட்டி அதற்குள் ஓடவிட்டால் வளையாது. வால் சமநிலைப் புள்ளியிலிருந்து 30 செ.மீ. பின்னால் இருக்கிறது, மூக்கு 10 செ.மீ. முன்னால். வாலில் 5 கிராம் கூடினால் அதைச் சமன் செய்ய மூக்கில் 15 கிராம் வேண்டும். ஈயக்கட்டி தேடுவதற்கு முன்னால் சர்வோக்களை இறக்கைக்குக் கீழே கொண்டு வாருங்கள், பேட்டரியை முன்னே தள்ளுங்கள்.

கேள்வி: ஒரு கிராம்தான் என்று ஆசைப்பட்டு ஒரு குட்டி ரிசீவர் வாங்கினேன். டிரான்ஸ்மிட்டரோடு பைண்ட் ஆகிறது, அதாவது இணைகிறது. ஆனால் சர்வோ செருக இடமே இல்லையே! நான்கு முனைதான் இருக்கிறது.
(வாசகி, மதுரை)

பதில்: அது ட்ரோன்காரர்களுக்கான ரிசீவர் அம்மா. எல்லா சேனலையும் (ஒவ்வொரு அசைவுக்கான கட்டளையையும்) ஒரே கம்பியில் வரிசையாக அனுப்பும். அதைப் பிரித்துப் படிக்க ஒரு ஃப்ளைட் கன்ட்ரோலர் (ட்ரோனை ஓட்டும் போர்டு) வேண்டும். சர்வோவுக்கோ ஒவ்வொன்றுக்கும் தனி சிக்னல், தனி முனை. அந்த சிக்னலுக்குப் பெயர்தான் பிடபிள்யூஎம். வாங்கும்போது ‘பிடபிள்யூஎம் வெளியீடு இருக்கிறதா’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஐஏ6 ரிசீவர் நல்ல தேர்வு. ஆறு சேனல், 6.4 கிராம். அதன் அண்ணன் ஐஏ6பி 15 கிராம். கேஸைக் கழற்றி ஹீட் ஷ்ரிங்க் போட்டால் இரண்டுமே இன்னும் இளைக்கும். ஆன்டெனாவில் மட்டும் கை வைக்காதீர்கள். நுனியில் உறை இல்லாமல் தெரியும் 31 மி.மீ. துண்டுதான் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் கால்பங்கு. எடை குறைக்கிறேன் என்று அதை வெட்டினால் விமானம் உங்கள் பேச்சைக் கேட்காது.

கேள்வி: 2எஸ் 300 பேட்டரிகள் பத்துப் பதினைந்து சார்ஜிலேயே உப்பிவிடுகின்றன. மலிவானது வாங்கியதாலா? அடிக்கடி ரிசீவரும் ஒரு நொடி அணைந்து எரிகிறது.
(வாசகர், திருச்சி)

பதில்: சார்ஜரைப் பார்த்தீர்களா? நம் ஊரில் பலரிடமும் இருக்கும் பி3 என்ற குட்டி சார்ஜர் சுமார் 0.8 ஆம்பியர் தள்ளும். 2200 பேட்டரிக்கு அது மெதுவான சார்ஜ். உங்கள் 300க்கு அது 2.7 மடங்கு. இந்த அளவு செல்லுக்கு 0.3 ஆம்பியர்தான் பத்திரம். அளவை மாற்றி வைக்கக்கூடிய சார்ஜர் ஒன்றை, தெரிந்தவர்களோடு சேர்ந்து பங்குபோட்டாவது வாங்குங்கள். பறந்து முடிந்ததும் முழு சார்ஜில் அலமாரியில் வைக்காதீர்கள், ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். உப்பியதை மறுபடி சார்ஜ் போடுவது வீட்டைப் பணயம் வைப்பது.

ரிசீவர் அணைவது வேறு கதை. சின்ன ஈ.எஸ்.சி.களில் உள்ள 5 வோல்ட் பி.இ.சி. (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தரும் பகுதி) பெரும்பாலும் 1 ஆம்பியர், லீனியர் வகை. மிச்ச வோல்ட்டை அது வெப்பமாகத்தான் கழிக்கும். முழு சார்ஜில் உள்ள 2எஸ் என்றால் 3.4 வோல்ட் கழிக்க வேண்டும், 3எஸ் என்றால் 7.6. சிறிய விமானத்தில் நான் 2எஸ்ஸைத் தாண்டாததற்கு எடை ஒரு காரணம், இது இன்னொரு காரணம். அதோடு ஒரு எஸ்ஜி90 சிக்கிக்கொண்டால் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டு சிக்கினால் ரிசீவருக்கு ஒன்றும் மிஞ்சாது. கீல்கள் தடையில்லாமல் ஆடுகின்றனவா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் அங்கேதான் இருக்கும் கோளாறு.

கேள்வி: 250 கிராமுக்குள் இருந்தால் சட்டத் தொல்லை இல்லை என்கிறார்களே?
(வாசகர், சேலம்)

பதில்: பாதி சரி. 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை ‘நானோ’ வகை, அதை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. பேட்டரியையும் சேர்த்துத்தான் அந்த 250. ஆனால் எவ்வளவு லேசாக இருந்தாலும் சிவப்பு மண்டலத்தில் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் மைதானம் என்ன நிறம் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: தம்பியின் உடைந்த பொம்மை ட்ரோனிலிருந்து நான்கு மோட்டார் கிடைத்தது. அதை வைத்து விமானம் செய்ய முடியுமா? போர்டும் நன்றாகத்தான் இருக்கிறது.
(பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்)

பதில்: மோட்டார் சரி, போர்டு வேண்டாம். அந்த போர்டில் உள்ள கைரோ (சாய்வை உணரும் சில்லு) நான்கு மோட்டாரையும் கூட்டிக் குறைத்துத் தன்னைத் தட்டையாக வைத்துக்கொள்ளவே பழகியது. விமானம் திரும்பச் சாய வேண்டும், அது விடாது.

மோட்டாரை அளந்து பார். 7 மி.மீ. குறுக்களவு, 20 மி.மீ. நீளம் என்றால் அது 720, எட்டரைக்கு 20 என்றால் 8520. பெரியது ஒன்று 5 கிராம்தான். இறக்கையின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்து, 1எஸ் பேட்டரியும் இரண்டு பிரஷ்டு மோட்டாரைத் தனித்தனியே ஓட்டும் ரிசீவர் போர்டும் சேர்த்தால் சர்வோவே தேவையில்லை. வலது மோட்டார் வேகமானால் இடது பக்கம் திரும்பும். மொத்த எடையை 40 கிராமுக்குள் நிறுத்து. இரண்டு ப்ராப்பும் எதிரெதிராகச் சுழலும் ஜோடியாக இருக்கட்டும், உன் ட்ரோனில் அந்த ஜோடி இருக்கும். மிச்ச இரண்டு மோட்டாரைத் தூக்கிப் போடாதே. பிரஷ் சில மணி நேர ஓட்டத்திலேயே தேய்ந்துவிடும், அப்போது மாற்றிக்கொள்ளலாம்.