எம்போரியோன்: ஸ்பெயின் கரையில் கிரேக்கர்கள் ஏன் ஊர் அமைத்தார்கள்?

கிரேக்கத்திலிருந்து அவ்வளவு தொலைவில் போய் ஏன் குடியேறினார்கள், உள்ளூர் மக்களோடு எப்படி ஒத்துப்போனார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரின் பெயரிலேயே பாதி பதில் இருக்கிறது. எம்போரியோன் என்றால் கிரேக்கத்தில் வணிகத்துறை. நம் காவிரிப்பூம்பட்டினத்தைக் குறிக்கவும் பண்டைய கிரேக்கப் புவியியலாளர் தாலமி இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்.

இன்றைய துருக்கிக் கரையில் இருந்த ஃபோக்கையா நகரத்து மாலுமிகள் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் இங்கு வந்தார்கள். இன்றைய பிரான்ஸிலுள்ள மார்சேயை நிறுவியவர்களும் அவர்களே. முதலில் கரையோரம் ஒரு குட்டித் தீவில் தங்கினார்கள், அப்புறம் எதிரே நிலப்பரப்பில் புதிய ஊர் கட்டினார்கள்.

அங்கே ஏற்கெனவே இந்திகேத்தர் என்ற ஐபீரிய மக்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் ஊருக்கும் கிரேக்கர் ஊருக்கும் நடுவே ஒரு மதில்! எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி இதை விரிவாகச் சொல்கிறார்: கிரேக்கர் ஊருக்கு உள்நாட்டைப் பார்த்து ஒரே வாசல், அதில் எப்போதும் ஓர் அதிகாரி காவல், இரவில் குடிமக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மதில்மேல் விழித்திருப்பார்கள். அவ்வளவு அச்சம் இருந்தும் வியாபாரம் நிற்கவில்லை. கடலில் வரும் பொருள்கள் இந்திகேத்தருக்கு வேண்டும், அவர்களின் விளைச்சல் கிரேக்கர்களுக்கு வேண்டும்.

கி.மு. 218இல் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலுக்கு எதிரான போரில் ரோமானியப் படை இறங்கியது இந்தத் துறைமுகத்தில்தான். பிறகு ஊர் ரோமின் கைக்குள் போனது.

1908இல் அகழாய்வு தொடங்கியது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்காக கிரேக்கத்திலிருந்து கொண்டுவந்த சுடரையும் இந்தக் கரையில்தான் இறக்கினார்கள்.