ரோஜா வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஆன்லைனில் நீல ரோஜா விதை, 100 எண்ணம், 499 ரூபாய்க்கு வாங்கினேன். முளைத்தது ஏதோ கீரை மாதிரி இருக்கிறது. போன வருஷம் வாங்கியதும் இப்படித்தான் ஆனது. வேறு கம்பெனி பார்த்து வாங்கலாமா?
(உச்சிப்புளி வாசகர்)

பதில்: வேண்டாம். நீலத்துக்குத் தேவையான டெல்பினிடின் என்ற நிறமி ரோஜாவில் கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் வேறொரு செடியின் மரபணுவைச் சேர்த்து, பல வருஷம் பாடுபட்டு 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பூவே வெளிர் ஊதாதான். அதோடு, கலப்பின ரோஜாவை விதை போட்டால் தாய்ச்செடி மாதிரி வராது. அதனால்தான் ஒட்டுக் கட்டுகிறார்கள். முதல் முறை ஏமாந்தபோது விற்றவன் மேல் கோபம் வருவது நியாயம். அதே படத்தை நம்பி இரண்டாவது முறையும் பணம் அனுப்பிவிட்டு, மூன்றாவதுக்கு யோசனை கேட்கிறீர்களே, இப்போது எனக்குக் கோபம் உங்கள் மேல்தான்.

கேள்வி: வண்டியில் கொண்டுவந்தவரிடம் பூவும் மொட்டுமாக நான்கு ரோஜாச் செடி வாங்கினேன். பத்து நாளில் நான்கும் கருகிவிட்டன. பில் இல்லை. நான் தண்ணீர் ஊற்றியதில் தப்பா?
(ராமேஸ்வரம் வாசகி)

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை அம்மா. எனக்கும் இதே நடந்திருக்கிறது. பரமக்குடியில் பஸ்ஸுக்கு நின்றபோது, செடி ஒன்று 150 என்று ஆறு செடி வாங்கினேன். 900 ரூபாய். வாடியதும் ஒன்றைப் பிடுங்கினேன், களிமண் உருண்டை அப்படியே கையோடு வந்தது. உடைத்துப் பார்த்தால் நடுவில் சாய்வாக வெட்டிய வெறும் குச்சி. ஒரு வேர் இழைகூட இல்லை. குச்சியில் இருந்த சத்தில்தான் அந்தப் பூ நாலு நாள் நின்றிருக்கிறது. மற்ற ஐந்தும் அதே கதை.

இனி வாங்கும்போது அடித்தண்டைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். வேர் பிடித்த செடி மண்ணைவிட்டு நகராது. பையின் அடி ஓட்டையில் வெள்ளை வேர் நுனி தெரிந்தால் இன்னும் நல்லது. பூத்து நிற்பதை விட்டுவிட்டு, தண்டு பருத்து இரண்டு மூன்று கிளை விட்டதை எடுங்கள். ஜிபேயில் பணம் கொடுத்திருந்தால் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: ஓசூரிலிருந்து 12 ஒட்டு ரோஜா வரவழைத்தேன். இலை ஓரமெல்லாம் பழுப்பாகக் கருகுகிறது. மூன்று தடவை மருந்து அடித்தும் கேட்கவில்லை. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். நர்சரி மேல் புகார் கொடுக்கலாமா?
(மண்டபம் வாசகர்)

பதில்: புகார் நிற்காது. செடியைக் கருக்குவது நீங்கள் ஊற்றும் தண்ணீர். ஆர்ஓ மெஷின் உப்பைப் பிரித்து ஒதுக்குவதே அந்தக் கழிவுநீரில்தான். ஏற்கெனவே உப்பான போர் தண்ணீர், மெஷினைத் தாண்டி வரும்போது இன்னும் உப்பேறி வருகிறது. அதை ரோஜாவுக்கு ஊற்றினால் இலை ஓரம்தான் முதலில் கருகும். பூச்சி மருந்துக்கா அது கேட்கும்?

ரொம்ப நாளாக மனதில் இருக்கும் ஆதங்கத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். நம் ராமநாதபுரம் கடற்கரைக்குச் செடி விற்கும் யாரும் "உங்க ஊர் தண்ணி எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் எத்தனை வீடுகளில் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்று நமக்குத் தெரியும். ரோஜாவோ உப்பு தாங்காத செடி. இந்த ஒரு கேள்வியை விற்பவர் கேட்டால் பாதி வியாபாரம் போய்விடும் என்ற பயம். வாங்குபவரும் கேட்பதில்லை. பூவைப் பார்க்கிறார், விலையைப் பேசுகிறார், ஆட்டோவில் ஏற்றுகிறார். மூன்று மாதம் கழித்து தொட்டி காலி. "நம்ம கைராசி சரியில்லை" என்று வீட்டில் உள்ள பெண்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். கைராசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவை எண்ணில் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான். ஒன்று வாங்கித் தெருவுக்கே பயன்படுத்துங்கள். பாசனத் தண்ணீரில் 450க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 2000ஐத் தாண்டினால் ரோஜாவை மறந்துவிடுங்கள். இடையில் இருந்தால் தொட்டியில் வைத்து, அடி ஓட்டை வழியாக வடியும் அளவு ஊற்ற வேண்டும். தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மண்ணிலேயே தங்கும். ஐப்பசி, கார்த்திகை மழைநீரைப் பிடித்து வைப்பவர் வீட்டில் ரோஜா நன்றாகவே வரும். உங்கள் 12 செடிகளுக்கு இன்றே நல்ல தண்ணீர் மாற்றுங்கள். பாதியாவது பிழைக்கட்டும்.

கேள்வி: குழாயில் மாட்டினால் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராகும் என்று ஒரு காந்தக் கருவியை வாப்பாவிடம் 14,000 ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். தோட்டத்துக்காக ஆசையாக வாங்கினார். தண்ணீர் மாறவே இல்லை. பில் இருக்கிறது.
(கீழக்கரை வாசகி)

பதில்: காந்தம் தண்ணீரிலிருந்து உப்பை எடுக்காது. கருவிக்கு முன்னால் ஒரு பாட்டில், பின்னால் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கும். அதுவே உங்கள் சாட்சி. முதலில் 1915க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதியுங்கள். பணம் வரவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். விற்றவர் வெளியூர்க்காரராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வாப்பாவிடம் யாரும் கோபப்படாதீர்கள். விட்டுவிடாதீர்கள், கடைசி வரை போங்கள்.

கேள்வி: சிவப்பு ரோஜா என்று வாங்கினேன். இப்போது கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ பூக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?
(தேவிபட்டினம் வாசகர்)

பதில்: இல்லை. ஒட்டுக் கட்ட அடியில் வைத்த காட்டு ரோஜாவிலிருந்து, ஒட்டுக்குக் கீழே கிளம்பிய கிளையை வளரவிட்டிருக்கிறீர்கள். அடியோடு கிள்ளி எறியுங்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கும் மகள் தோட்டத்தில் ரோஜாவும் கூடவே லாவெண்டரும் வைக்க ஆசைப்படுகிறாள். ஏப்ரலிலும் அங்கே குளிர் விடவில்லையாம். கடையில் பிளாஸ்டிக் உறையில் மண்ணில்லாத ரோஜா மலிவாகக் கிடைக்கிறதாம். வாங்கலாமா? எனக்கும் லாவெண்டர் ஆசை இருக்கிறது.
(திருப்புல்லாணி வாசகி)

பதில்: மண்ணில்லாத வேர்ச் செடி அங்கே வழக்கம்தான். நவம்பரிலிருந்து மார்ச் வரை, செடி உறங்கும் காலத்தில் நடுவது. ஏப்ரலில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் மிச்சச் சரக்கு. சூடான கடைக்குள் கிடந்து, உறைக்குள்ளேயே வெளிறிய நீளத் துளிர் விட்டிருந்தால் தொட வேண்டாம். வெளிக் குளிரில் அந்தத் துளிர் கருகிவிடும். இனி தொட்டியில் வளர்ந்த செடியை வாங்கச் சொல்லுங்கள். லாவெண்டரை மண் கொஞ்சம் சூடான பிறகு, தண்ணீர் தேங்காத இடத்தில் வைக்கட்டும்.

உங்களுக்கு லாவெண்டர் வேண்டாம். நம் புழுக்கத்தில் நிற்காது. ரோஜா ஓரத்தில் துலுக்கச் சாமந்தி வையுங்கள், வேரைத் தாக்கும் நூற்புழுவைக் குறைக்கும். உப்புக் காற்று நேராக அடிக்கும் பக்கம் அரளி. ரோஜாவே வராத இடத்தில் பத்துமணிப் பூ, மணலிலும் சிரிக்கும்.

கேள்வி: குண்டுமல்லி நாற்று ஆன்லைனில் ஒன்று 180 ரூபாய், கூரியர் தனி. நல்ல விலையா?
(பாம்பன் வாசகர்)

பதில்: பக்கத்தில் தங்கச்சிமடம் இருக்கிறது. வெளி மாநிலத்துக்கே மல்லிகை நாற்று அங்கேயிருந்துதான் போகிறது. பஸ் ஏறுங்கள்.