ஸ்காடா ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போடும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

கேள்வி: பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் சார்ஜ்மேனாக (மின்சாதனங்களை இயக்க உரிமம் பெற்றவர்) இருக்கிறேன். எங்கள் 33/11 கேவி துணை மின்நிலையத்துக்குப் புதிதாக ஸ்காடா (தூரத்திலிருந்தே திரையில் பார்த்து இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு) போட்டிருக்கிறார்கள். "எல்லா சிக்னலும் டெஸ்ட் பண்ணியாச்சு" என்று டிக் போட்ட பட்டியலோடு குத்தகையாளர் வந்திருக்கிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்:

டிக்குகளை நம்பிப் போடாதீர்கள். முதலில் அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: ஒவ்வொரு சிக்னலையும் எந்த இடத்தில் கொடுத்துச் சோதித்தீர்கள்? "லேப்டாப்பில் சிமுலேட் செய்தோம்" என்று பதில் வந்தால் பாதி வேலைகூட நடக்கவில்லை.

11 கேவி பிரேக்கர் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்ற தகவல் திரைக்கு வருவதற்குள் பல கை மாறுகிறது. பிரேக்கரின் ஆக்சிலரி கான்டாக்ட் (பிரேக்கரோடு சேர்ந்து அசையும் துணைத் தொடுமுனை), அங்கிருந்து பேனல் டெர்மினலுக்கு வரும் வயர், ரிலே அல்லது ஆர்டியூவின் (தளத்துச் சிக்னல்களைச் சேகரித்து அனுப்பும் பெட்டி) பைனரி இன்புட், அதன் கான்ஃபிகரேஷன், நெட்வொர்க், கேட்வே, சர்வரின் தரவுத்தளம், கடைசியாகத் திரையில் தெரியும் சின்னம். லேப்டாப் சிமுலேஷன் கடைசிப் பகுதியை மட்டுமே தொடும். டெர்மினலில் வயரை ஷார்ட் செய்தால் நடுப்பகுதியும் சேரும். பிரேக்கரை டெஸ்ட் பொசிஷனுக்கு (மின்பாதையிலிருந்து விலகிய நிலைக்கு) இழுத்து, நிஜமாகவே திறந்து மூடினால்தான் முழுப் பாதையும் சோதிக்கப்பட்டதாகும். ஆகவே பட்டியலில் "சிக்னல் கொடுத்த இடம்" என்று ஒரு கட்டத்தைச் சேர்த்து நிரப்பித் தரச் சொல்லுங்கள். பல பட்டியல்களின் உண்மை நிலை அந்த ஒரு கட்டத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

பிரேக்கர் நிலையைத்தான் முதலில் பார்ப்பேன், ஏனென்றால் அதை நம்பித்தான் ஒரு மனிதன் பேனலுக்குள் கை வைக்கப் போகிறான். இந்தச் சிக்னல் டபுள் பாயிண்டாக இருக்க வேண்டும். 52ஏ கான்டாக்ட் மூடிய நிலையையும் 52பி கான்டாக்ட் திறந்த நிலையையும் தனித்தனி இன்புட்டில் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லை, அல்லது இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கிறது என்றால் அது கோளாறு. இன்புட் போதவில்லை என்று சிலர் 52ஏ-வை மட்டும் இழுத்துவிட்டு, "அது இல்லையென்றால் திறந்திருக்கிறது" என்று மென்பொருளில் எழுதிவிடுகிறார்கள். அந்த வயர் டெர்மினலிலிருந்து கழன்றால், 11 கேவி ஓடிக்கொண்டிருக்கும் பிரேக்கர் திரையில் பச்சையாக, திறந்ததாகத் தெரியும். இதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

சோதிக்கும் முறை எளிது. பிரேக்கரை டெஸ்ட் பொசிஷனில் மூடி வையுங்கள். வரைபடத்தைப் பார்த்து, அந்த வயர் டிரிப் சர்க்யூட்டோடு (கோளாறு வந்தால் பிரேக்கரைத் தானாகத் திறக்கும் சுற்று) சேரவில்லை என்று உறுதி செய்த பிறகு, 52ஏ இன்புட் வயரை மட்டும் கழற்றுங்கள். திரை "நிலை தெரியவில்லை" என்று காட்ட வேண்டும். வயரை மாட்டிவிட்டு இன்புட்டுகளுக்கான டிசி எம்சிபியை (சின்னப் பாதுகாப்புச் சுவிட்ச்) இறக்குங்கள். அந்த பேனலின் எல்லா நிலைகளும் நம்பத்தகாதவை என்று மாற வேண்டும். அடுத்து எம்சிபியை ஏற்றிவிட்டு நெட்வொர்க் கேபிளை உருவிப் பாருங்கள்.

இந்தக் கடைசிச் சோதனையில்தான் நிறைய சிஸ்டம்கள் தோற்கும். தொடர்பு அறுந்த பிறகும் பழைய மதிப்பு அதே நிறத்தில் உட்கார்ந்திருக்கும். ஐஇசி 104 புரோட்டோகாலின் (ஆர்டியூவும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை) வழக்கமான அமைப்பில், 20 வினாடி பேச்சே இல்லையென்றால் ஒரு சோதனைச் செய்தி போகும், அதற்கு 15 வினாடியில் பதில் வராவிட்டால் இணைப்பு மூடப்படும். ஆக அதிகபட்சம் 35 வினாடியில் திரைக்குத் தெரிந்துவிட வேண்டும். மாட்பஸ் என்ற எளிய முறையில் பேசும் மீட்டர்களுக்கு இந்த வசதி கிடையாது. மதிப்போடு தரக்குறியீடும் வராது, நேரமுத்திரையும் வராது. பதில் நின்றதைச் சர்வரே கவனித்து அந்த எண்ணைச் சாம்பல் நிறமாக்க வேண்டும். ஒவ்வொரு மீட்டரின் கேபிளையும் கழற்றிப் பார்த்தே இதைச் சொல்ல முடியும்.

பைனரி இன்புட்டில் இன்னொரு விஷயம், அதிகம் பேர் பார்ப்பதில்லை. 110 வோல்ட் டிசி சப்ளையின் இரண்டு முனைகளும் எர்த் ஆகாமல் மிதக்கின்றன. ஒரு முனையில் எர்த் ஃபால்ட் வந்தால் சில வயர்களில் பாதி வோல்டேஜ், அதாவது 55 வோல்ட் அளவுக்குத் தோன்றலாம். இன்புட்டின் பிக்கப் (சிக்னல் வந்ததாக அது ஏற்கும் வோல்டேஜ்) அதைவிடக் குறைவாக இருந்தால், நடக்காத நிகழ்ச்சி நடந்ததாகத் திரையில் வரும். அந்த இன்புட் இன்டர்லாக்கிலோ (தவறான இயக்கத்தைத் தடுக்கும் ஏற்பாடு) டிரிப்பிலோ இருந்தால் விளைவு இன்னும் மோசம். சில ரிலேக்களில் இந்த வரம்பை ஜம்பரிலோ செட்டிங்கிலோ மாற்றலாம், தொழிற்சாலையிலிருந்து 24 வோல்ட்டுக்கு வைத்தபடியே வந்திருக்கும். மாற்றக்கூடிய டிசி சப்ளையைக் கொண்டு மெதுவாக ஏற்றிப் பாருங்கள். 66 வோல்ட்டுக்கு மேல், 88-க்குள் பிக்கப் ஆனால் நல்லது.

கட்டளைகளுக்கு வருவோம். தவறான பிரேக்கர் திறப்பதற்கு முக்கியக் காரணம் முகவரி மாறிக் கிடப்பது. ஆகவே ஒரு ஃபீடரைச் சோதிக்கும்போது மற்ற எல்லா பேனல்களின் தேர்வுச் சுவிட்சையும் லோக்கலில் வையுங்கள். திரையிலிருந்து திற என்று சொன்னால் டெஸ்ட் பொசிஷனில் இருக்கும் அந்த ஒன்று மட்டுமே அசைய வேண்டும். பிறகு அதையும் லோக்கலுக்கு மாற்றிக் கட்டளை கொடுங்கள். மறுக்கப்பட வேண்டும், மறுத்ததன் காரணமும் திரையில் வர வேண்டும். கட்டளை இரண்டு படியாக இருக்கட்டும், முதலில் தேர்ந்தெடு, பிறகு இயக்கு. நடுவில் கைவிட்டால் தேர்வு தானாகவே விலகுகிறதா என்றும் பாருங்கள். ஆர்டியூவின் அவுட்புட் ரிலே பிரேக்கர் காயிலை (பிரேக்கரைத் திறக்க, மூட வைக்கும் சுருள்) நேரடியாக ஓட்டுகிறதா என்று கேளுங்கள். 110 வோல்ட் டிசியில் காயில் மின்னோட்டத்தை வெட்டும் திறன் அந்தச் சின்னக் கான்டாக்டுக்குக் கிடையாது. வெட்டும் வேலையைப் பிரேக்கரின் ஆக்சிலரி கான்டாக்ட் செய்ய வேண்டும். கட்டளைத் துடிப்பு அதற்கு முன்பே முடிந்தால் ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கான்டாக்ட் என்றால் கட்டளை எப்போதும் போய்க்கொண்டே இருக்கிறது என்று பொருள். இடையில் ஒரு கனமான துணை ரிலே வைப்பதே சரி.

டிரிப் சர்க்யூட் சூப்பர்விஷன் அலாரத்தை (டிரிப் சர்க்யூட் அறுந்தால் சொல்வது) இரண்டு முறை சோதியுங்கள், பிரேக்கர் மூடியிருக்கும்போது ஒன்று, திறந்திருக்கும்போது ஒன்று. மலிவான இணைப்பில் மூடியபோது மட்டுமே கண்காணிக்கும். திறந்திருக்கும்போது காயில் அறுந்தால், பிரேக்கரை மூடிய பிறகுதான் அலாரம் வரும்; அதற்குள் ஃபால்ட் வந்தால் டிரிப் ஆகாது.

அளவீடுகளில் திரையில் ஏதோ ஒரு எண் வருவதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். சிடி (மின்னோட்டத்தை அளவீட்டுக்காகக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) 400/1, விடி (வோல்டேஜை அப்படிக் குறைத்துத் தருவது) 11 கேவி/110 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட் பிளாக்கில் மூன்று ஃபேசிலும் 1 ஆம்பியர், ஃபேஸ்களுக்கு இடையே 110 வோல்ட், கோணம் 0 கொடுத்தால் திரையில் 400 ஆம்பியரும் 7.62 மெகாவாட்டும் வர வேண்டும். மின்னோட்டத்தை 30 டிகிரி பின்தள்ளினால் 6.60 மெகாவாட், 3.81 மெகாவார். இரண்டும் சரியாக வந்தால் விகிதம், ஃபேஸ் வரிசை, ரிலே பக்கத்துத் திசை எல்லாம் ஒருசேர சரி. ஆனால் சிடியின் போலாரிட்டி இதில் வெளிப்படாது. அதற்கு லோடு ஏறிய பிறகு, உள்ளே வரும் இன்கமர்களின் மெகாவாட்டும் வெளியே போகும் ஃபீடர்களின் கூட்டலும் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூரையில் சோலார் போட்ட தொழிற்சாலை என்றால் இது மிகவும் அவசியம், விடுமுறை நாளில் ஒரு ஃபீடரில் மின்சாரம் எதிர்த்திசையில் வரும், மைனஸ் குறி தவறாக இருந்தால் முழுக் கணக்கும் போகும். லோடு இருக்கும்போது சிடி செகண்டரியைத் திறந்து விடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். டெஸ்ட் பிளாக்கில் ஷார்ட் செய்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். உதவிக்கு வரும் சின்னப் பையன்களுக்கும் அதைத் திரும்பச் சொல்லுங்கள்.

டெட்பேண்டையும் (எவ்வளவு மாறினால் புது எண் அனுப்பப்படும் என்ற வரம்பு) கேளுங்கள். 400 ஆம்பியர் முழு அளவில் 5 சதவீதம் வைத்தால், மின்னோட்டம் 20 ஆம்பியருக்குள் மாறும்வரை திரையில் எண் நகராது. 11 கேவியில் அது சுமார் 381 கேவிஏ. ஒரு சில்லர் ஓடுவதும் நிற்பதும் தெரியாமலே போய்விடும். 1 சதவீதம் போதுமானது.

டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங் வெப்பநிலை 4-20 மில்லிஆம்பியரில் 0-150 டிகிரி என்று வந்தால், வயரைக் கழற்றிப் பாருங்கள். கணக்குப்படி மைனஸ் 37.5 வர வேண்டும், சென்சார் கோளாறு அலாரமும் வர வேண்டும். சிலர் கீழ் எல்லையை 0 என்று கட்டிவிடுவார்கள். பினாங்கில் எந்த டிரான்ஸ்ஃபார்மரும் 0 டிகிரியில் இருக்காது, ஆனாலும் அந்த 0 எந்த அலாரத்தையும் எழுப்பாமல் மாதக்கணக்கில் கிடக்கும்.

நேரம்: ஒரே கான்டாக்டை இரண்டு ரிலேக்களின் இன்புட்டுக்கு இணையாகக் கொடுத்து, இரண்டின் நேரமுத்திரையையும் ஒப்பிடுங்கள். சில மில்லிவினாடிக்கு மேல் வித்தியாசம் கூடாது. சரியாக 8 மணி நேரம் வித்தியாசம் வந்தால் ஒன்று உலகப் பொது நேரத்திலும் மற்றது மலேசிய நேரத்திலும் ஓடுகிறது. நேரம் ரிலேயில் பதியப்படுகிறதா, கேட்வேயில் பதியப்படுகிறதா என்பதும் முக்கியம். வாக்குவம் பிரேக்கர் திறக்க எடுப்பது பத்துக்கணக்கான மில்லிவினாடிகள்தான். வினாடிக்கு ஒருமுறை வாசிக்கும் கேட்வே முத்திரை போட்டால் எது முதலில் டிரிப் ஆனது என்று ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது.

அலாரங்களைப் பொறுத்தவரை ஒரு பெரிய பாடம் அமெரிக்காவிலிருந்து. 2003 ஆகஸ்ட் 14 அன்று ஒஹையோவில் ஒரு மின்நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் மென்பொருள் பிற்பகல் 2.14-க்கு நின்றுபோனது. திரை அப்படியே இருந்ததால் இயக்குநர்களுக்கு அது ஒரு மணி நேரத்துக்கும் மேல் தெரியவில்லை. அன்று மாலைக்குள் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. ஆகவே அலாரம் நிரல் உயிரோடு இருக்கிறதா என்று வேறொரு நிரல் கண்காணிக்க வேண்டும். அலாரம் நிரலை நிறுத்தச் சொல்லி, எச்சரிக்கை வருகிறதா என்று நேரில் பாருங்கள். "டிரான்ஸ்ஃபார்மர் பொது அலாரம்" என்று ஒரே வயரில் எல்லாவற்றையும் கட்டியிருந்தால் பிரிக்கச் சொல்லுங்கள். புக்கோல்ஸ் அலாரமும் (டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்க்குள் வாயு சேர்வதைச் சொல்வது) டாப் சேஞ்சர் பெட்டிக் கதவும் ஒரே வரியில் வந்தால் இரவு ஷிஃப்டில் இருப்பவர் காலைவரை காத்திருப்பார்.

மின்சாரம் போகும்போது ஸ்காடா வேலை செய்கிறதா? சிரிக்க வேண்டாம், நெட்வொர்க் சுவிட்சும் கேட்வேயும் சுவரில் இருக்கும் 13 ஆம்பியர் பிளக்கில் செருகப்பட்டிருப்பது சகஜம். ஏசியை அணைத்துப் பாருங்கள். எல்லாம் 110 வோல்ட் டிசியிலோ யுபிஎஸ்சிலோ தொடர வேண்டும். பேட்டரி வோல்டேஜ் திரையில் வருகிறதா என்றும் பாருங்கள். 55 செல் லெட்-ஆசிட் பேட்டரி ஃப்ளோட்டில் (சார்ஜர் நிரப்பியே வைத்திருக்கும் நிலையில்) சுமார் 123 வோல்ட் காட்ட வேண்டும். சரியாக 110 என்று நின்றால் சார்ஜர் வேலை செய்யவில்லை, பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கிறது.

நம் ஊர் வானிலைக்காக இரண்டு விஷயம். இரண்டு கட்டடங்களுக்கு இடையே ஆர்எஸ்-485 செம்புக் கேபிள் ஓடினால் ஃபைபராக மாற்றச் சொல்லுங்கள். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் இடிமழைக் காலத்தில் அந்தக் கேபிள் வழியாகவே கார்டுகள் எரியும். பேனல் ஹீட்டர் எரிகிறதா, கேபிள் நுழையும் துளைகள் அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். கடற்காற்றின் ஈரம் டெர்மினலை அரிக்கும், துளை வழியாகப் பல்லி வரும்.

பாதுகாப்பு: 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் ஊடுருவியவர்கள் இயக்குநர்களின் திரை வழியாகவே பிரேக்கர்களைத் திறந்தார்கள். சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள் இருட்டில் இருந்தார்கள், பணியாளர்கள் நேரில் போய்க் கையால் மூடித்தான் மின்சாரம் திரும்பியது. குத்தகையாளர் தன் வசதிக்காக வைத்த 4ஜி மோடத்தைக் கழற்றி எடுத்துப் போகச் சொல்லுங்கள். எல்லாக் கடவுச்சொற்களையும் உங்கள் முன்னிலையில் மாற்றச் சொல்லுங்கள். ஸ்காடா முழுவதும் நின்றாலும் ஒவ்வொரு பிரேக்கரையும் பேனலில் கையால் இயக்க முடிகிறதா என்று அன்றே பாருங்கள். தெனாகா (மலேசிய மின் நிறுவனம்) பக்கத்து 33 கேவி சாதனங்களை மட்டும் அவர்களோடு பேசி நாள் குறித்த பிறகே தொடுங்கள்.

இவை முடிந்ததும் திருத்தப்பட்ட வயரிங் வரைபடம், இறுதிச் சிக்னல் பட்டியல், ஒவ்வொரு ரிலேயின் செட்டிங் கோப்பு, ஐஇசி 61850 தொடர்பு முறை என்றால் முழு நிலையத்தின் எஸ்சிடி கோப்பு (எல்லாச் சாதனங்களின் அமைப்பும் அடங்கியது), லைசென்ஸ் சாவி, சர்வர் பேக்கப் எல்லாவற்றையும் வாங்குங்கள். வாங்கிய பேக்கப்பை ஒரு வெற்றுக் கணினியில் குத்தகையாளரே ஏற்றித் திரையைக் கொண்டுவந்து காட்டட்டும். அது ஓடாவிட்டால் கடைசித் தவணையை நிறுத்தி வைக்கும்படி உங்கள் பொறியாளரிடம் எழுத்தில் சொல்லுங்கள்.