பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடும் முன்: சில கேள்விகள், சில பதில்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் "நன்றாக ஓடுகிற மெஷினை என்ன செய்வது?" என்றுதான் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பதும் கேட்பவர்களுக்கு லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச ஓஎஸ், அதாவது அடிப்படை மென்பொருள்) போட்டுக் கொடுப்பதும் பல வருடமாக என் வேலை. வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, என் லேப்டாப் 2017-ல வாங்கினது. ஐ5 ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. விண்டோஸ் 11 போட முடியாதுன்னு காட்டுது. மெஷின்ல ஒரு குறையும் இல்ல. மாத்தித்தான் ஆகணுமா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

வேண்டாம்மா. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் ப்ராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். உங்களுடையது ஒரு தலைமுறை முந்தியது, அவ்வளவுதான். வேகத்தில் குறை என்று நினைத்துவிடாதீர்கள்.

உடனே முடிவெடுக்க முடியாவிட்டால், மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துத் தருகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினி அமைப்புகளை அதில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் காசு கிடையாது. அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இந்தத் தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11 போட்டுத் தரும் கடைகளும் உண்டு. போட்டால் ஓடும், ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று உறுதி இல்லை. படிப்பு ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் அதை நான் செய்ய மாட்டேன்.

என் விருப்பம் லினக்ஸ் மின்ட் 22, லினக்ஸ் வகைகளில் ஒன்று. உபுண்டு 24.04 என்ற இன்னொரு வகையை அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை ஆதரவு உண்டு. 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, கேமரா தெரிகிறதா என்று பாருங்கள். மூடியை மூடிவிட்டு ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தும் பாருங்கள். பழைய மெஷின்களில் லினக்ஸ் மக்கர் பண்ணும் இடம் பெரும்பாலும் இந்தத் தூங்கி எழுவதுதான். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் டிஸ்க்கில் போடுங்கள்.

சார், ஆன் பண்ணி பத்து நிமிஷம் ஆகுது டெஸ்க்டாப் வர. 4 ஜிபி ரேம், பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க். லினக்ஸ் போட்டா பறக்கும்னு பக்கத்துக் கடையில சொல்றாங்க. (மளிகைக் கடைக்காரர், விருத்தாசலம்)

பறக்காது. உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் தட்டுதான் தடை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள், டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் என்று நிற்கும். லினக்ஸ் போட்டாலும் அதே டிஸ்க்கிலிருந்துதான் படிக்க வேண்டும். கொஞ்சம் முன்னால் திறக்கும், ஆனால் பிரவுசரில் நான்கு டேப் திறந்ததும் பழைய கதைதான்.

முதலில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுற்றும் தட்டே இல்லாத சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போடுங்கள். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி அளவில்தான் படிக்கும், சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பியை ஒட்டி வரும். அதைவிட முக்கியம், சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி அலைய வேண்டிய நேரம் அதற்குக் கிடையாது. அடுத்து ரேம்: காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்து இன்னொரு 4 ஜிபி போடுங்கள். இரண்டும் முடிந்த பிறகு ஓஎஸ் பற்றிப் பேசலாம். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டு "லினக்ஸும் ஸ்லோதான்" என்று திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு வருத்தம் தருகிற விஷயம், ஏனென்றால் தப்பு லினக்ஸுடையது இல்லை.

திண்டுக்கல்லில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் வேலை. பேஜ்மேக்கர், கோரல்டிரா, இருபது வருடக் கோப்புகள், எல்லாம் பழைய தமிழ் ஃபான்ட்டில். லினக்ஸுக்கு மாறலாமா?

வேலை மெஷினை மாற்றாதீர்கள். இருபது வருட உழைப்பை ஒரு ஓஎஸ்ஸுக்காகப் பணயம் வைக்கக் கூடாது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய ஃபான்ட்டுகள் யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறை) வருவதற்கு முந்தைய முறையில் செய்தவை. கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்தும் குறிகளும்தான். ஃபான்ட் அந்த இடங்களில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுகிறது. ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் எழுத்து குப்பையாகத் தெரிவது அதனால்தான். அந்த ஃபான்ட்டுகளை லினக்ஸிலும் நிறுவலாம். ஆனால் பேஜ்மேக்கர் கோப்பை அப்படியே வரி பிசகாமல் திறந்து அச்சுக்கு அனுப்ப, நம்பிச் சொல்லக்கூடிய வழி எதுவும் அங்கே இல்லை.

பழைய மெஷினின் நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபையை அணைத்துவிடுங்கள். அது டிசைன் வேலைக்கு மட்டும். மெயில், வாட்ஸ்அப், வாடிக்கையாளர் கொண்டு வரும் பென்டிரைவ் இதற்கெல்லாம் பக்கத்தில் ஒரு பழைய மெஷினில் லினக்ஸ் போட்டு வையுங்கள். பென்டிரைவைச் சொருகியதும் தானாக ஓடும் ஆட்டோரன் வைரஸ் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கோப்பை அங்கே திறந்து பார்த்துவிட்டு, தேவையானதை மட்டும் டிசைன் மெஷினுக்கு நகர்த்துங்கள்.

புதிதாகத் தொடங்கும் வேலையை மட்டும் யூனிகோடில் செய்து பழகுங்கள். பேஜ்மேக்கர் போலப் பக்கம் அமைக்கும் இலவச மென்பொருளான ஸ்கிரைபஸ் ஒரு காலத்தில் தமிழில் கொம்பையும் காலையும் சிதறடித்தது. 2024-ல் வந்த 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காக நிற்கிறது, நான்கு வண்ண பிடிஎஃப்பும் தருகிறது. கோரல்டிரா போன்ற இங்க்ஸ்கேப்பிலும் தமிழ் நன்றாக வருகிறது, ஆனால் அது ஆர்ஜிபி என்ற திரைக்கான மூவண்ண முறையில்தான் வேலை செய்யும். அச்சுக்கு அனுப்பும் முன் ஸ்கிரைபஸ் வழியாகக் கொண்டு போங்கள்.

அண்ணை, நான் பாமினியில ரைப் பண்ணிப் பழகினனான். லினக்ஸில தமிழ் அடிக்கேலுமே? (யாழ்ப்பாணம்)

தாராளமாக முடியும் தம்பி. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளோடு எம்17என் தொகுப்பையும் நிறுவுங்கள். தமிழ்99, தட்டச்சுப்பொறி, ஒலிபெயர்ப்பு எல்லாம் அதில் உண்டு. இலங்கைக்கென்று ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கிறது. பாமினி என்ற பழைய ஃபான்ட்டின் தட்டச்சில் பழகிய விரலுக்கு அதுதான் நெருக்கமாக இருக்கும், வருவது சுத்தமான யூனிகோடு. நிறுவியதும் ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். அதைச் செய்யாமல் "தமிழ் வரவில்லை" என்று அழித்துவிட்டுப் போனவர்கள் பலர்.

டேலி, ஜிஎஸ்டி, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன். ஆபீஸ் மெஷின்ல லினக்ஸ் சரிவருமா? (கணக்காளர், ஈரோடு)

வராது. டேலி விண்டோஸுக்கான கணக்கு மென்பொருள். லினக்ஸில் விண்டோஸ் மென்பொருளை ஓட்டும் வைன் வழியாக ஓட்டிக் காட்டலாம், ஆனால் ரிட்டர்ன் கடைசித் தேதியன்று இரவு பத்து மணிக்கு கையொப்பத்துக்கான யூஎஸ்பி டோக்கன் தெரியவில்லை என்றால் யாரைக் கேட்பீர்கள்? தொழிலுக்கு விண்டோஸ் 11 உள்ள மெஷின் வாங்குங்கள். பழையதை வீட்டுக்குக் கொண்டு போய் லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டுவும் வைத்திருக்கிறேன். உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. டி டிரைவில் உபுண்டுவிலிருந்து எதையும் சேமிக்கவும் முடியவில்லை. டிஸ்க் போய்விட்டதா? (பொறியியல் மாணவர், கோவை)

டிஸ்க் நலமாக இருக்கிறது, பயப்பட வேண்டாம். மதர்போர்டில் பேட்டரியோடு ஒரு கடிகாரம் உண்டு. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இந்திய நேரம் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் என்பதால்தான் துல்லியமாக அந்த வித்தியாசம் வருகிறது. உபுண்டுவையும் உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல்லும் ஒரு வரிக் கட்டளை உண்டு, ஒருமுறை கொடுத்தால் போதும்.

டி டிரைவ் சிக்கலுக்குக் காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை, பாதி நினைவை டிஸ்க்கில் எழுதிவிட்டுத் தூங்குகிறது. அந்த நிலையில் பார்ட்டிஷனில் (டிஸ்க்கின் பிரித்த பகுதியில்) கை வைத்தால் கோப்புகள் சிதையும் என்று லினக்ஸ் எழுத மறுக்கிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பயாஸில் (கணினி தொடங்கும்போதே ஓடும் அமைப்புப் பகுதியில்) எதையும் மாற்றும் முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். புது மெஷின்களில் நாம் கேட்காமலே அது இயங்கிக்கொண்டிருக்கும். மாற்றிய பிறகு அது கேட்கக்கூடிய 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவோட லேப்டாப்ல கீழே வலது மூலையில "வைரஸ் புகுந்துவிட்டது" என்று நிமிஷத்துக்கு ஒண்ணு வருது. லினக்ஸ் போட்டுக் கொடுத்திடலாமா? (சிங்கப்பூர்)

போட்டாலும் அது திரும்ப வரலாம். அது வைரஸும் இல்லை, விண்டோஸின் எச்சரிக்கையும் இல்லை. ஏதோ ஒரு தளத்தில் "அனுமதி" என்ற பொத்தானை அம்மா அழுத்தியிருப்பார்கள், அந்தத் தளம் பிரவுசர் வழியாக அறிவிப்பு அனுப்பிக்கொண்டிருக்கிறது. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய்ப் பட்டியலில் இருப்பதையெல்லாம் நீக்குங்கள். இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்ற தேர்வும் அங்கேயே இருக்கிறது. அந்த அறிவிப்பில் போன் நம்பர் வந்தால் கூப்பிடவே கூடாது என்று அம்மாவிடம் இன்றைக்கே பேசுங்கள். பணம் போவது அந்த அழைப்பில்தான்.

பழைய ஆண்ட்ராய்டு போன்ல லினியேஜ்ஓஎஸ் போட்டு ஜிபே, பேங்க் ஆப் எல்லாம் ஓட்டலாமா? (சேலம்)

அதே போனில் வேண்டாம். லினியேஜ்ஓஎஸ் என்பது ஆண்ட்ராய்டின் இன்னொரு வடிவம். அதைப் போட, போனைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறந்ததும் போனில் உள்ள எல்லாம் அழிக்கப்படும். அதன் பிறகு, போனின் மென்பொருள் மாற்றப்படாததா என்று பார்க்கும் கூகுளின் சோதனையில் தேறாததால் பல பேங்க் ஆப்கள் திறக்க மறுக்கும். பாட்டு கேட்க, படிக்க, கேமராவாக வைக்க என்றால் லினியேஜ்ஓஎஸ் அந்தப் போனுக்கு இன்னும் சில வருடம் உயிர் கொடுக்கும்.

எங்கள் பள்ளியில் 2 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினிகள் பத்து கிடக்கின்றன. மாணவர்களுக்குப் பயன்படுமா? (அரசுப் பள்ளி ஆசிரியை)

பயன்படும் டீச்சர், இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே நன்றி. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் உருவாக்கிய நம் நாட்டு லினக்ஸ் அது. பல பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவே இல்லை, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. பக்கத்துக் கேரளாவில் பள்ளிகளில் லினக்ஸ்தான் பாடமே, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வித்தியாசம் அங்கேதான்.

உங்கள் மெஷின்களில் முதலில் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் கழற்றிவிட்டு நேரடி மின்சாரத்தில் ஓட்டுங்கள். டெபியன் என்ற லினக்ஸை, எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூடி என்ற இலகுவான டெஸ்க்டாப்போடு போடுங்கள். அலுவலக வேலைக்கு லிப்ரே ஆபீஸ், கணிதத்துக்கு ஜியோஜீப்ரா, நிரல் எழுதப் பழக ஸ்கிராட்ச், சிறு பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறக்காமல் ஒவ்வொன்றாக ஓட்டினால் 2 ஜிபி தாங்கும். யூடியூபுக்கு அந்த மெஷின் வேண்டாம்.

அண்ணே, அவசரம். மின்ட் போடும்போது "டிஸ்க்கை அழித்து நிறுவு" என்பதை அழுத்திட்டேன். டி டிரைவ்ல பொண்ணோட சின்ன வயசு போட்டோ எல்லாம் இருந்துச்சு. ஹார்ட் டிஸ்க்தான், எஸ்எஸ்டி இல்ல. (மதுரை)

இப்போதே மெஷினை அணையுங்கள். புது மின்ட்டைத் திறந்து தேடாதீர்கள், ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் அது டிஸ்க்கில் எழுதும். எஸ்எஸ்டி என்றால் ஃபார்மேட் ஆகும்போதே பெரும்பாலும் எல்லாம் போயிருக்கும். ஹார்ட் டிஸ்க் என்பதால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. புது ஓஎஸ் எழுதிய இடம் மட்டும்தான் போயிருக்கும், மற்ற இடத்தில் படங்கள் அப்படியே கிடக்கும்.

டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி கேஸில் போட்டு வேறு மெஷினில் மாட்டுங்கள். ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள், பழைய பார்ட்டிஷன் கிடைத்தால் கோப்புகள் பெயரோடு வரும். கிடைக்காவிட்டால் போட்டோரெக் என்ற இன்னொரு மீட்பு மென்பொருள். அதில் பெயரும் ஃபோல்டரும் வராது, படங்கள் வரும். மீட்பதை அதே டிஸ்க்கில் சேமிக்காமல் இன்னொரு டிஸ்க்கில் சேமியுங்கள். 1 டிபி என்றால் பல மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் உங்கள் போன், வீட்டுக்காரம்மா போன், கூகுள் போட்டோஸ், பழைய மெமரி கார்டு எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள். ஏதாவது ஒரு இடத்தில் சிக்கினால் உடனே என்னைக் கூப்பிடுங்கள், நடு ராத்திரி என்றாலும் பரவாயில்லை.