‘ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய்?’ என்று கேட்டால்

கேள்வி: என் சொந்த ஊர் பாளையங்கோட்டை. பெங்களூரு மாரத்தஹள்ளியில் மகளிர் விடுதியில் தங்கி, மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அறைத்தோழி மதுரைக்காரர், இந்துக் குடும்பம். ஞாயிறு காலை எங்கே கிளம்புகிறாய் என்று அவர் கேட்டால், ‘அத்தை வீட்டுக்கு’ என்று சொல்லிவிடுகிறேன். சபையில் சாட்சி சொல்வதை, அதாவது நம் விசுவாசத்தைப் பிறரிடம் எடுத்துச் சொல்வதைப் பற்றிப் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் குற்றவுணர்வு வாட்டுகிறது. பேசினால் நட்பு முறியுமோ, வேலைக்குச் சிக்கல் வருமோ என்று பயம். சட்டம் இதற்கு இடம் தருகிறதா? என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, அந்த இல்லாத அத்தையை முதலில் ஊருக்கு அனுப்பிவிடுங்கள். உங்களை அரிப்பது நற்செய்தி சொல்லாத குறையைவிட இந்தப் பொய்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்த ஞாயிறு, ‘சர்ச்சுக்குப் போகிறேன், மதியம் வந்துவிடுவேன்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘வரும்போது ஒரு பால் பாக்கெட் வாங்கி வா’ என்பதோடு பேச்சு முடிந்தாலும் முடிந்துவிடும்.

பயமே கூடாது என்று சொல்லமாட்டேன். கொரிந்துவில் ‘பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்’ இருந்ததாக அப்போஸ்தலன் பவுலே எழுதியிருக்கிறார். தவிர, உங்கள் பயத்தில் பாதி மரியாதை. தோழியின் மனம் புண்படக்கூடாதே என்ற அந்தப் பாதியைத் தொலைத்துவிடாதீர்கள். இளவயதில் எனக்கு அது இல்லை. நாகர்கோவில் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரிடம் ஓசூரில் தொடங்கியவன், தருமபுரி வரை வாய் மூடவில்லை. பாவம், சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டார்.

இயேசுவின் சீடர் பேதுரு சொல்லும் வழி வேறு. ‘விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’ பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்கிறார் (1 பேதுரு 3:15). கேட்கிறவருக்குத்தான் பதில். பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதற்கே அஞ்சி, ‘அவரை அறியேன்’ என்று இயேசுவை மறுத்தவர் இந்தப் பேதுரு. உங்கள் ‘அத்தை வீட்டை’ அவர் நன்றாகவே புரிந்துகொள்வார்.

ஆயத்தம் என்றால் வேத வசனங்களை மனப்பாடம் செய்வது என்று நினைக்கிறோம். ஒரு நோட்டில் ஆறு வரி எழுதுங்கள்: விசுவாசம் உங்கள் வாழ்க்கையில் என்ன செய்தது? எழுதியபின் ‘இரட்சிப்பு’, ‘அபிஷேகம்’, ‘ஆத்தும ஆதாயம்’ எல்லாவற்றையும் அடித்துவிட்டு, அதையே வீட்டுப் பேச்சில் மாற்றி எழுதுங்கள். இதுதான் கடினம், ஆலயத் தமிழ் நம் நாக்கில் அப்படி ஊறிவிட்டது. ‘ஆண்டவர் என்னைத் தேற்றினார்’ என்பதைவிட, ‘அந்த மாதம் எனக்குத் தூக்கமே இல்லை, ஜெபித்த பிறகுதான் கண்மூட முடிந்தது’ என்றால் மதுரைத் தோழிக்குப் புரியும். பதில் தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லுங்கள். யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பார்வை பெற்றவன், இயேசு பாவியா என்ற கேள்விக்குத் தனக்குத் தெரியாது என்றான். குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன், அது மட்டும் தெரியும் என்றான்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டுத்தான். பரப்புதல் என்றால் கொள்கையை எடுத்துச் சொல்வது, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கேட்ட தோழிக்கு விடுதி அறையில் பதில் சொல்வதில் தவறில்லை. ஆனால் உதவிக்கு விலையாக விசுவாசத்தைக் கேட்காதீர்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்பவரிடம் நீங்களாக இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அவரால் மறுக்க முடியாது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வசனம் போடுவதும் வேண்டாம். அதைத் தைரியம் என்று நான் கணக்கில் வைப்பதில்லை.

தோழியின் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், ‘நான் ஜெபிக்கலாமா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மீனாட்சியம்மனைப் பற்றி அவர் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். செப்டம்பர் 8 அன்று சிவாஜிநகர் கத்தோலிக்க மாதா கோயில் திருவிழாவுக்கு எல்லா மதத்தினரும் வருவார்கள். ‘வா, சேர்ந்து போகலாம்’ என்று அவரே உங்களைக் கூப்பிட்டால் நான் வியப்படையமாட்டேன். நீங்கள் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவராக இருந்தால் அப்போது யோசிக்கவேண்டியது நீங்கள்தான்!